லிங்கம் லிங்கமாக ஒரு கிரிவலம்

வேண்டிக்கொள்கிறவன் தன் உடம்பை வைத்துத்தான் வேண்டிக்கொள்ள வேண்டும். மொட்டை என்றால் தன் தலை, தீமிதி என்றால் தன் கால். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் என் மனைவியை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தியதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வராந்தா ஜன்னலில் மலை தெரிந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். "அண்ணாமலையாரே, இவளைக் காப்பாத்திக் குடு. இவ நடந்து வந்து உன்னைச் சுத்துவா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அவர் காப்பாற்றிக் கொடுத்தார். ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். "இதயம் கொஞ்சம் வீக்கா இருக்கும்மா. தினமும் நடக்கணும், ஆனா மெதுவா, சமதரையில. பேசிக்கிட்டே நடங்க. பேச முடியலன்னா நின்னுடுங்க. கொஞ்ச தூரம் நடந்தா போதும். கூட்டம், மாடிப்படி, மலை எதுவும் வேணாம்."

அவருக்கு எதிரில் என் வேண்டுதலைப் பற்றிப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன்.

"யார் காலுங்க அது?" என்றாள்.

"உன் காலுதான்."

"என் காலை என்னைக் கேக்காம எப்படிங்க குடுத்தீங்க?"

"நீ உள்ள இருந்த. கேக்கற நிலைமையா அது?"

"அப்ப உங்க காலைக் குடுத்திருக்கலாமே. அது வெளியிலதானே சும்மா நின்னுக்கினு இருந்தது?"

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து பௌர்ணமி தவறாமல் மலை சுற்றியவள் அவள். பதினாலு கிலோமீட்டர் அவளுக்குக் கோயிலுக்குப் போய் வருகிற மாதிரி. இப்போது வாசல் கேட் வரைக்கும் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள். நான் அவள் பெயரில் கொடுத்த வாக்கு மலை மாதிரி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.

அடுத்த பௌர்ணமி அன்று தெருவில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. இவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. "மாத்திரை போடணும், ரெண்டு இட்லியாவது சாப்பிடு" என்றால், "சுத்தாம எப்படி சாப்பிடறது?" என்கிறாள். ஆட்டோவில் சுற்றி வரலாம் என்றேன். "நடந்து வருவான்னுதானே சொன்னீங்க, ஆட்டோல வருவான்னா சொன்னீங்க?" என்றாள். உனக்குப் பதில் நான் நடக்கிறேன் என்றேன். "அது உங்க புண்ணியம். எனக்கு எப்படி வரும்?" என்றாள். கடைசியில் மாத்திரைக்காக ஒரு இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டாள். அந்த ஒரு இட்லியைத் தின்ன அவள் பட்ட வேதனையைப் பார்த்தபோதுதான் நான் எதில் மாட்டிக்கொண்டேன் என்று எனக்குப் புரிந்தது. இவள் நடந்தால் உயிருக்குப் பயம். நடக்காவிட்டால் இவள் மனசே இவளைத் தின்றுவிடும்.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பக்கம் என் மாவு மில், அதற்குப் பின்னால் நாங்கள். மாடியில் ஒரு டீச்சர் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அவர் கணவர் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறார். ரம்ஜான் மாதம் எங்களுக்குக் கஞ்சி வரும். தீபத்தன்று மேலே கொழுக்கட்டை போகும். மாடியில் இடம் பற்றாது என்பதால், சாயங்காலம் மில்லை நிறுத்திய பிறகு எங்கள் பின்பக்கத்து ஷெட்டில்தான் டீச்சர் டியூஷன் நடத்துவார். ஷெட்டுக்கும் எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் நடுவில் ஒரு துணிக்கொடிதான். வருஷக்கணக்காக இவள் கீரை ஆய்ந்துகொண்டே அந்தப் பாடங்களைக் கேட்டு வந்திருக்கிறாள். பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் இவள் உள்ளேயிருந்தே "ச்சு" என்பாள். படித்தது ஆறாவது. நான் எட்டாவது. அந்த இரண்டு வகுப்பு ஜாஸ்தி படித்தது இதுவரைக்கும் எனக்கு எதற்கும் உதவவில்லை.

அந்த வாரம் நடந்த பாடம் வேலை, ஆற்றல், திறன். எனக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். ஆற்றல் உள்ளவன், திறமை உள்ளவன், வேலை செய்கிறவன் என்று ஒரே ஆளைத்தான் நாம் மூன்று விதமாகப் புகழ்வோம். புத்தகம் அப்படி விடுவதில்லை. மூன்றுக்கும் நடுவில் கோடு போட்டு வைத்திருக்கிறது. ஒரு பொருளைத் தள்ளி, அது நகர்ந்தால்தான் வேலை. அந்த வேலையைச் செய்ய நமக்குள் இருக்கிற சரக்குதான் ஆற்றல். அதை எவ்வளவு சீக்கிரம் செய்கிறோம் என்பது திறன். நாள் முழுக்கச் சுவரைத் தள்ளினாலும் சுவர் நகரவில்லை என்றால் வேலை பூஜ்யம் என்று டீச்சர் சொன்னார்.

இவள் ஜன்னலிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்களா? ஆஸ்பத்திரியில நாள் பூரா என் பையைத் தூக்கிக்கினு ஒரே இடத்துல நின்னீங்களே, அது கணக்குல வராதாம்."

"எனக்குத் தோள் வலி ரெண்டு நாள் இருந்தது" என்றேன்.

"வலி வேற, வேலை வேறன்னு சொல்றாங்க."

ஷெட்டில் டீச்சர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். "அண்ணன் மில்லுல அரிசி மூட்டை இருக்குல்ல, அதை ஒருத்தர் ஓட்டமா மாடிக்குத் தூக்கிட்டுப் போறார். இன்னொருத்தர் படிக்குப் படி நின்னு நின்னு போறார். யார் செஞ்ச வேலை ஜாஸ்தி?" ஓடினவர்தான் என்று பிள்ளைகள் எல்லாம் கத்தினார்கள். "இல்ல. மூட்டை அதே மூட்டை, மாடி அதே மாடி. ரெண்டு பேரும் செஞ்ச வேலை ஒண்ணுதான். ஓடினவருக்குத் திறன் ஜாஸ்தி, அவ்வளவுதான்."

இவள் கையில் இருந்த கீரைக்கட்டு அப்படியே நின்றுவிட்டது. பாடம் முடிந்து பிள்ளைகள் போகிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு ஜன்னல் வழியாகவே கூப்பிட்டாள்.

"டீச்சர், அந்த நின்னு நின்னு போனாரே, அவரு இன்னைக்குப் பாதி ஏறிட்டு, மூட்டையை அங்கயே வெச்சிட்டு, நாளைக்கு வந்து மீதி ஏறினா?"

"ஒரு மாசம் கழிச்சி வந்து ஏறினாலும் மூட்டைக்கு நடந்த வேலை அதேதான் அக்கா. வேலைக் கணக்குல நேரம் வராது. திறன்லதான் நேரம் வரும்."

"அப்ப மலையைத் துண்டு துண்டா சுத்தினா?"

டீச்சருக்கு இப்போதுதான் இவள் எங்கே வருகிறாள் என்று புரிந்தது. கொடியில் காய்ந்த துணியை ஒதுக்கிக்கொண்டு ஜன்னலுக்குக் கிட்ட வந்தார். "அக்கா, சமதரையில நடக்கறதை இந்த மூட்டைக் கணக்குல அப்படியே போட முடியாது. ஆனா மெதுவா, விட்டு விட்டு நடந்தா, உங்க இதயத்துகிட்ட ஒரே நேரத்துல கேக்கறது கம்மியா இருக்கும். அது மட்டும் உறுதி. வேண்டுதலுக்கு அது செல்லுமான்னு எனக்குத் தெரியாது. எங்க புஸ்தகத்துல அது இல்ல."

"அதை நான் அவருகிட்ட பேசிக்கறேன்" என்று இவள் மலைப் பக்கம் தலையைக் காட்டினாள்.

எனக்கு இதை மில்லை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடிந்தது. வோல்டேஜ் கம்மியாக இருக்கிற நாளில் மேல் தொட்டியில் கேழ்வரகை முழுசாகக் கொட்டினால் மோட்டார் முனகும், சூடேறும், விட்டால் எரிந்துபோகும். அதே கேழ்வரகைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் அதே மோட்டார் அவ்வளவையும் அரைத்துக் கொடுத்துவிடும். மாவில் ஒரு வித்தியாசமும் இருக்காது. நேரம்தான் ஆகும். இத்தனை வருஷம் என் கையால் இதைச் செய்தும், அதற்குள் இப்படி ஒரு நியாயம் இருக்கிறது என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. இதை முதலில் பிரித்துப் பார்த்து எழுதி வைத்தவர் எந்த தேசத்துக்காரரோ, அவரும் சாமி பார்த்து அனுப்பிய ஆள்தான் என்று நான் நம்புகிறேன்.

மலையைச் சுற்றி எட்டு லிங்கம் இருக்கிறது. ஒரு லிங்கத்திலிருந்து அடுத்த லிங்கம் வரைக்கும் ஒரு துண்டு. முந்தின நாள் நிறுத்தின இடத்துக்கு விடியற்காலை ஆட்டோவில் போய் இறங்குவது, அங்கிருந்து நடப்பது, மறுபடி ஆட்டோவில் வீடு. இவள்தான் திட்டம் போட்டாள். டாக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. பரிசோதனை செய்துவிட்டு, "இப்படி நடக்கறதா இருந்தா தாராளமா நடங்க. தூரம் ஜாஸ்தியா தெரிஞ்சா அந்தத் துண்டையும் ரெண்டா வெட்டிக்கோங்க" என்றார்.

ராஜகோபுரத்துக்கு எதிரில் கற்பூரம் ஏற்றி, செருப்பை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு ஆரம்பித்தோம். முதல் நாள் இந்திர லிங்கம் தாண்டி அக்னி லிங்கம் பக்கம் வரைக்கும். டாக்டர் சொன்னபடி பேசிக்கொண்டே நடக்க வேண்டும். அதில் இவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. என் அம்மா இவளைக் குத்திச் சொன்னதிலிருந்து ஆரம்பித்து, என் தங்கை கல்யாணத்தில் இவளுக்குப் பந்தியில் இடம் கிடைக்காதது வரைக்கும் எம லிங்கத்துக்குள் முடித்துவிட்டாள். "மீதி நிருதி லிங்கத்துக்கு வெச்சிருக்கேன்" என்றாள். நான் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டே நடந்தேன். இவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக நான் நடந்ததே இல்லை.

தடங்கல் நிருதி லிங்கம் தாண்டித்தான் வந்தது. வெளியூர்க் கூட்டம் ஒன்று சிவ நாமம் சொல்லிக்கொண்டு வேகமாக எங்களைத் தாண்டிப் போனது. இவள் காலுக்கு அது பழக்கமான வேகம். அவளை அறியாமலே அவர்களோடு சேர்ந்துவிட்டாள். நானும் பழைய ஞாபகத்தில் கூடவே நடந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் இவள் பேச்சு நின்றுபோயிருப்பது எனக்கு உறைத்தது. முகத்தைப் பார்த்தேன். வேர்த்துக் கொட்டியது. கையைப் பிடித்து ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். நாக்குக்கு அடியில் வைக்க டாக்டர் கொடுத்த மாத்திரை பையில் இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாமலையாரே, நான் சொன்னதற்கு இவளையா பிடிப்பாய் என்று மனசுக்குள் சண்டை போட்டேன். மெல்ல மூச்சு சீரானது. மாத்திரை தேவைப்படவில்லை.

"வேகம் கூடிப்போச்சு" என்றாள். "திறன் கேட்டிருக்கு. என்கிட்ட அது இல்ல."

"போதும். இதோட விட்டுடலாம். நான் கோயில்ல போய் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"எதுக்கு விடணும்? இதுவரைக்கும் நடந்தது நடந்ததுதான். அது எங்கயும் ஓடிப்போவாது. நான் வர வரைக்கும் காத்துக்கினு இருக்கும்."

சுருக்குப்பையிலிருந்து குங்குமத்தை எடுத்து மரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். நிறுத்தின இடம் தெரிய வேண்டும் என்று. பிறகு ஆட்டோவுக்குப் போன் போட்டேன். அன்றைக்கே டாக்டரிடம் காட்டினோம். பயப்பட ஒன்றும் இல்லை, கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துவிட்டு இன்னும் மெதுவாக நடங்கள் என்றார்.

ஓய்வெல்லாம் முடிந்து அந்த இடத்துக்குத் திரும்பப் போனால், ஆட்டோக்காரத் தம்பி வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார். இவள் பொட்டு வைத்த வேப்பமரத்துக்கு யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். அடியில் எலுமிச்சம்பழம், சாமந்திப்பூ, கற்பூரம் எரிந்த கரி. நடந்து போகிற ஜனங்கள் நின்று தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"அக்கா, நீங்க போட்ட அடையாளத்தை சாமியாக்கிட்டாங்க" என்றார் தம்பி.

"பேசாம இரு" என்றாள் இவள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் மரத்துக்கு முன்னால் போய் நின்று கண்ணை மூடிக் கைகூப்பினாள். நானும் கூப்பினேன். அவள் உயிர் அங்கேதான் எங்களிடம் திரும்பி வந்தது. அது சாமி இல்லை என்று சொல்ல நான் யார்?

அதற்குப் பிறகு யார் தாண்டிப் போனாலும் இவள் பார்வை தன் காலிலேயே இருந்தது. வருண லிங்கம் முடிந்தது. அடி அண்ணாமலைக் கோயிலில் உட்கார்ந்து மோர் குடித்தோம். வாயு லிங்கம், குபேர லிங்கம் தாண்டி ஈசானிய லிங்கம் வரைக்கும் வந்துவிட்டோம். கடைசித் துண்டு ஒன்றுதான் பாக்கி. அந்தச் சாயங்காலம் பார்த்து ஷெட்டில் ஒரு பெண் சந்தேகம் கேட்டாள். கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தால் இடப்பெயர்ச்சி பூஜ்யம் என்று முன்பே படித்தோமே, அப்படியென்றால் வேலையும் பூஜ்யம்தானே என்று.

இவள் சமையலறையில் இருந்து எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. "நாளைக்கு ராஜகோபுரத்துல போய் நின்னா, கிளம்பின இடத்துலதாங்க நிப்பேன்" என்றாள். இவ்வளவு நாள் இவளைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தக் கணக்கே இப்போது காலை வாரிவிட்டது போல இருந்தது.

டியூஷன் முடித்து டீச்சர் நேராக எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டார். ஜன்னலில் வழக்கமான "ச்சு" வராததிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அக்கா, அந்தப் பொண்ணு கேட்டது நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். மூட்டையை மாடிக்கு ஏத்திட்டு மறுபடி கீழ இறக்கினா, புவியீர்ப்புக் கணக்குல மொத்தம் பூஜ்யம். ஏத்தும்போது குடுத்ததை இறங்கும்போது அது திருப்பிக் குடுத்துடும். ஆனா எல்லாம் அப்படி இல்ல. தரையில ஒரு பெட்டியை இழுத்துக்கிட்டே ஒரு சுத்து சுத்தி அதே இடத்துக்கு வந்தா, உராய்வுக்குக் குடுத்தது குடுத்ததுதான். சூடா போயிடும். திரும்பி வராது. நீங்க நடக்கறப்ப உங்க உடம்புல செலவான ஆற்றலும் அப்படித்தான். சூடாவும் வேர்வையாவும் போயிடுச்சு. கிளம்பின இடத்துக்கே வந்து நின்னாலும் அது உங்களுக்குத் திரும்பி வராது."

இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப உண்டியல் மாதிரி" என்றாள்.

"எப்படி அக்கா?"

"போட்டா போட்டதுதான். போட்டவங்க அதே இடத்துல நின்னாலும் போட்டது உள்ள போயிடுச்சு."

டீச்சர் சிரித்தார். "இதை நாளைக்குப் பசங்களுக்குச் சொல்லிக்கலாமா?"

"சொல்லிக்கோங்க. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அப்புறம் மாவு அரைக்க வர்றவங்க எல்லாம் கணக்கு கேப்பாங்க."

டீச்சரிடம் நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்படிப் பேச வராது. ஒருவருடைய பயத்தைக் கண்டு, படித்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு படி இறங்கி, அவர் கூடத்தில் வந்து உட்காருகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தெரியாத இடத்தில் தெரியாது என்றும், தெரிந்த இடத்தில் உறுதியாகவும் சொன்னாரே, அந்த நேர்மைக்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஈசானிய லிங்கத்தில் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு கிளம்பினோம். ஊருக்குள் வருகிற துண்டு அது. பஸ் சத்தம், ஆட்டோ ஹாரன், கடை திறக்கிறவர்கள் தெளிக்கிற தண்ணீர். இவள் அவசரப்படவில்லை. ராஜகோபுரம் கண்ணில் பட்ட பிறகும் அதே நடை. எனக்குத்தான் கால் முந்திக்கொண்டு போனது. "இன்னாங்க ஓட்டம்? சாமி எங்கயும் போவலை" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கோபுரத்துக்கு எதிரில் வந்து நின்றோம். கற்பூரம் ஏற்றினாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்பனே, நான் சொன்னதை இவள் செய்துவிட்டாள், இனி உனக்கும் எனக்கும் பாக்கி இல்லை என்றேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. இவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கற்பூரம் எரிந்து முடிகிற வரைக்கும் மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சு சீராக இருந்தது.

"வா, போலாம். ஆட்டோ நிக்குது" என்றேன்.

அவள் வண்டிக்குப் போய் ஏறி உட்கார்ந்தாள். செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. ஆட்டோக்காரத் தம்பியிடம், "நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடுப்பா. இங்கதான் இறங்கணும்" என்றாள்.

"நாளைக்கு எதுக்கு?" என்றேன். "அதான் முடிஞ்சிடுச்சே."

"முடிஞ்சது நீங்க வேண்டிக்கினது" என்றாள். "நான் வேண்டிக்கினதை நாளைக்குத்தாங்க ஆரம்பிக்கணும்."